ஒரு நொடித் தாமதம்: ராயக்கோட்டைப் படங்களும் நம் பயண ஜூம் லென்ஸும்

வேப்பனப்பள்ளிப் பக்கம் நடுகல், கல்வெட்டு, பாறை ஓவியம்னு தேடிப் போறவங்க தோள்பையைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் ஒரே ஒரு லென்ஸ்தான் இருக்கும். 18-லிருந்து 200, 270, சிலரிடம் 400 மில்லிமீட்டர் வரை போகும் ஜூம். கடைக்காரர்கள் 'ஆல் இன் ஒன்' என்பார்கள். தீவிரப் புகைப்படக்காரர்கள் அதை லேசாக இளக்காரம் செய்வார்கள். ஆனால் இந்த ஊர் நிலவரத்துக்கு அது நியாயமான தேர்வு. கிரானைட் குவாரியும் ஜல்லி லாரியும் ஓடும் சாலையோரத்தில் நின்று லென்ஸைக் கழற்றி மாட்டினால், சென்சார் மேல் தூசி உட்காருவது நிச்சயம். அதோடு, ஒரே நாளில் மலைக்கோட்டை மதிலையும் எடுக்கணும், வயல் நடுவே சாய்ந்து கிடக்கும் கல்லையும் எடுக்கணும்.

இந்த லென்ஸ் வைத்திருப்பவர்கள் பலருக்கும் பழக்கமான ஒரு புதிர் உண்டு. கல்லைப் பார்த்ததும் கேமராவைத் தூக்கி ஒரே அழுத்தாக அழுத்தி எடுத்த முதல் படம் கலங்கியிருக்கும். அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடுத்த இரண்டாவது, மூன்றாவது படங்கள் தெளிவாக இருக்கும். 'நாலு ஸ்டாப் வரைக்கும் கை நடுக்கத்தைத் தாங்கும்னு பெட்டியில போட்டிருந்தானே?' என்ற கேள்வி வரும். பெட்டியில் இருந்தது பொய் இல்லை. அந்த எண் எவ்வளவு மெதுவான ஷட்டர் வேகத்தைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. வேலையைத் தொடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சொல்வதில்லை.

அந்தத் தொடக்கத் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போனால், கதை ஜப்பானுக்கு முன்னால் நம்ம ராயக்கோட்டையில் ஆரம்பிக்கிறது.

மாட்டு வண்டியில் வந்த கேமரா

கிருஷ்ணகிரிக்கு மேற்கே, ஓசூர் போகும் வழியில் இருக்கும் ராயக்கோட்டை மலை, படம் பிடிப்பவர்களுக்கு ரொம்பப் பழைய இலக்கு. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-இல் அந்தக் கோட்டை ஆங்கிலேயர் வசமானது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. அதே 1792-இல் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஓவியர்கள் இந்த வழியாக வந்து மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். அவர்கள் 'ஓரியண்டல் சீனரி' தொகுப்பில் ராயக்கோட்டையும் இருக்கிறது. இந்தியப் பயணத்தில் அவர்கள் வரைவதற்குக் கேமரா அப்ஸ்கியூராவைப் பயன்படுத்தினார்கள். லென்ஸ் வழியாக விழும் பிம்பத்தைத் தாளில் பென்சிலால் ஒற்றி எடுக்கும் இருட்டுப் பெட்டி அது. பிம்பம் நிற்க வேண்டிய நேரம், ஓவியரின் கை வேகத்தைப் பொறுத்தது.

அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, பிம்பம் தானாகவே தாளில் பதியும் கேமரா அதே மலைக்கு வந்தது. கொண்டுவந்தவர் லின்னேயஸ் ட்ரைப். 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்து, சென்னைப் படையில் சேர்ந்து, விடுப்பில் இங்கிலாந்து திரும்பியிருந்தபோது புகைப்படம் கற்றவர். 1855-இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவில் புகைப்படக்காரராக இருந்தார். அதன்பின் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பினார். அந்தப் பயணத்தில் எடுத்த படங்கள் 1858-இல் தனித்தனித் தொகுப்புகளாக வெளிவந்தன. திருவரங்கம், திருச்சி, மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைக்கு எல்லாம் தொகுப்பு உண்டு. ஒரு தொகுப்பின் தலைப்பே 'ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும்'. அப்போது நம்ம பகுதி சேலம் மாவட்டம்.

ட்ரைப் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். அந்தக் காலத்தில் ஈரக் கண்ணாடித் தகடு முறையும் வந்துவிட்டது; ஆனால் தகட்டை எடுக்கும் இடத்திலேயே பூசி, காய்வதற்குள் எடுத்து, உடனே கழுவணும். காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து வண்டியில் வைத்துக்கொள்ளலாம். விலை என்னவென்றால் நேரம். வெளிச்சத்தைப் பொறுத்து நிமிடக் கணக்கில்கூட லென்ஸைத் திறந்து வைத்திருக்கணும். ஓர் அடிக்கு மேல் அகலமுள்ள நெகட்டிவைத் தாங்கும் பெட்டியைக் கையில் பிடித்து எடுக்கும் பேச்சே கிடையாது. முக்காலிதான் அன்றைய 'ஸ்டெபிலைசேஷன்'. இலைகள் அசைந்தால் கலங்கும், மனிதர் நடந்தால் காணாமல் போவார், கல் மட்டும் துல்லியமாக நிற்கும். ட்ரைப் படங்களில் ஆள் அரவம் குறைவாக, கட்டடங்கள் அமானுஷ்யமான தெளிவோடு தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்வெட்டு ஆர்வலர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வேலையையும் அவர் செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே பட்டையாக ஆக்கினார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் ஹூல்ட்ஷ் தஞ்சைக் கல்வெட்டுகளை அச்சிடத் தொடங்கியது 1891-இல்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தைப் 'படித்து எடுக்க' ஒரு கேமரா முயன்றிருக்கிறது. ஆனால் 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், செலவு அதிகம் என்று இந்தப் புகைப்படப் பணியை நிறுத்திவிட்டார்.

சாய்வெளிச்சம் கேட்கும் விலை

கல்லில் இருக்கும் எழுத்தைப் படம் பிடிப்பதில் ஒரு முரண் உண்டு. உச்சி வெயிலில் வெளிச்சம் ஏராளம், ஆனால் எழுத்து தெரியாது. காலையிலோ மாலையிலோ பக்கவாட்டிலிருந்து விழும் சாய்வெளிச்சத்தில்தான் தேய்ந்த வரிகளின் பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து மேலெழும். அப்போது வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கணும். அந்த நேரத்தில்தான் கை நடுங்கும்.

நடுக்கம் எவ்வளவு பெரிய விஷயம்னு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமரா 0.1 டிகிரி திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 18 மில்லிமீட்டரில் பிம்பம் சென்சார் மேல் சுமார் 0.03 மில்லிமீட்டர் நகரும். 300 மில்லிமீட்டரில் அதே திருப்பம் பிம்பத்தைச் சுமார் 0.52 மில்லிமீட்டர் நகர்த்தும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.004 மில்லிமீட்டர். ஆக, முதல் படத்தில் எட்டு பிக்சல் கலக்கம். இரண்டாவதில் நூற்று முப்பதுக்கு மேல். வட்டெழுத்தில் ப, வ போன்ற எழுத்துகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒரு சுழி அழிந்தால் வாசிப்பே மாறிப்போகும். நூறு பிக்சல் கலக்கத்தில் சுழி எங்கே தேறும்?

'குவிய நீளம் எவ்வளவோ, அதன் தலைகீழ் எண்தான் குறைந்தபட்ச ஷட்டர் வேகம்' என்ற பழைய பிலிம் கால விதி இதிலிருந்து வந்ததுதான். 200 மில்லிமீட்டர் என்றால் 1/200 நொடி. முக்காலி இல்லாமல் எடுப்பவருக்கு அதுதான் வேலி.

பதினைந்து ஆண்டுத் தாமதம்

ஸ்டில் கேமராவுக்கான ஜூம் லென்ஸ் 1959-இலேயே வந்துவிட்டது: ஃபோக்ட்லெண்டர் நிறுவனத்தின் ஸூமார், 36-லிருந்து 82 மில்லிமீட்டர். ஊர் சுற்றுபவர்களின் லென்ஸ் என்று சொல்லத்தக்க வகையைப் பரவலாக்கியது 1992-இல் டாம்ரான் வெளியிட்ட 28-200. ஒரே லென்ஸில் கோபுரம் முழுவதும் அடங்கும், கோபுரத்துச் சுதையும் கிட்டே வரும். ஆனால் 200-இல் அதன் திறப்பு எஃப் 5.6 தான். மாலை வெளிச்சத்தில் 1/200 கிடைக்காது. நீளம் கொடுத்த லென்ஸ், நிலைத்தன்மையைக் கொடுக்கவில்லை.

நிலைப்படுத்தும் நுட்பம் வேறு தடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் மாட்சுஷிட்டா நிறுவனத்தில், கார் வழிகாட்டிக் கருவிக்காக அதிர்வு ஜைரோவை ஆராய்ந்துகொண்டிருந்த மிட்சுவாகி ஓஷிமா, அதே ஜைரோவால் கை நடுக்கத்தையும் அளக்கலாம் என்று கண்டார். 1988-இல் அந்நிறுவனத்தின் பானசோனிக் வீடியோ கேமராவில் அது விற்பனைக்கு வந்தது. 1994-இல் நிகான் 700 வி.ஆர். என்ற பிலிம் கேமராவிலும், 1995-இல் கேனானின் 75-300 லென்ஸிலும் புகைப்படத்துக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு தடங்களும் சந்திக்க இன்னும் நாள் ஆனது. 2004-இல் கேனான் 28-300 லென்ஸில் இதைச் சேர்த்தது. எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல், விலை சாமானியருக்கு எட்டாதது. 2005-இல் நிகானின் 18-200 வி.ஆர். வந்தது. 1992-இல் வழியைத் திறந்த டாம்ரானே தன் முதல் நிலைப்படுத்திய லென்ஸான 28-300-ஐ 2007-இல்தான் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே 18-270, 2017-இல் 18-400. ஆக, பயண ஜூம் பரவலானதற்கும் அதே நிறுவனத்தின் பயண ஜூமுக்கு நடுக்கம் தாங்கும் திறன் கிடைத்ததற்கும் நடுவே பதினைந்து ஆண்டுகள்.

ஏன் இத்தனை காலம்? இந்த வகை லென்ஸுக்குள் ஏற்கெனவே இடமில்லை. ஜூம் வளையத்தைத் திருப்பும்போது பல கண்ணாடிக் குழுக்கள் ஒன்றையொன்று தாண்டி முன்னும் பின்னும் ஓடுகின்றன. அந்த நெரிசலுக்கு நடுவே மேலும் கீழும் நகரக்கூடிய இன்னொரு குழுவையும், அதை இயக்கும் காந்தச் சுருள்களையும், சர்க்யூட்டையும் நுழைக்கணும். மேலும், 18-இல் தேவைப்படும் திருத்தம் வேறு, 270-இல் தேவைப்படும் திருத்தம் வேறு. ஜூம் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்து அதற்கேற்பக் கணக்கு மாறணும். டிஜிட்டல் கேமராவின் சிறிய சென்சார் லென்ஸின் அளவைக் குறைத்ததும் உதவியது.

இன்னொரு வழியும் வந்தது: லென்ஸை விட்டுவிட்டு சென்சாரையே அசைப்பது. 2003-இல் மினோல்டா டிமாஜ் ஏ1 கேமரா அப்படிச் செய்தது. பழைய லென்ஸுக்கும் பலன் கிடைக்கும் என்பது அதன் சிறப்பு. ஆனால் மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்க: 300 மில்லிமீட்டரில் 0.1 டிகிரிக்கே சென்சார் அரை மில்லிமீட்டர் ஓடணும். நீளம் கூடக்கூட அந்த வழிக்கு மூச்சு வாங்கும்.

அந்த ஒரு நொடிக்குள்

இப்போ முதல் படம் கலங்கும் புதிருக்கு வருவோம்.

ஓசூர்க்காரர்களுக்கு ஜைரோவை விளக்குவது சுலபம், ஏன்னா டைட்டன் தொழிற்சாலை இருக்கும் ஊர். குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இருப்பது ஒரு சின்னஞ்சிறு இசைக்கவை. நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரத்தை எண்ணுகிறது. கேமராவில் இருக்கும் அதிர்வு ஜைரோ இதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு பொருளைத் திருப்பினால், அதிர்வின் திசைக்குக் குறுக்கே ஒரு தள்ளல் உண்டாகும். சுற்றுகிற ராட்டினத்தின் மேல் நேராக நடக்கப் பார்த்தால் பக்கவாட்டில் தள்ளுமே, அதே கொரியோலிஸ் விசைதான். அந்தத் தள்ளலை அளந்தால் கேமரா எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று தெரியும். அதற்கு எதிர்த்திசையில் ஒரு லென்ஸ் குழுவை நகர்த்தினால் பிம்பம் நிற்கும்.

டாம்ரானின் அமைப்பில் அந்தக் குழு மூன்று பீங்கான் குண்டுகள் மேல் மிதக்க, மூன்று காந்தச் சுருள்கள் அதைத் தள்ளுகின்றன. பேட்டரியை மிச்சப்படுத்த, பொதுவாக ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தும் வரை இது தூங்கிக்கொண்டிருக்கும். பாதி அழுத்தியதும் வரிசையாகச் சில வேலைகள் நடக்கணும்.

முதலில் அந்தக் குழு தன் ஓய்வு நிலையிலிருந்து எழுந்து நடுவுக்கு வரணும். வியூஃபைண்டரில் பிம்பம் ஒரு துள்ளு துள்ளி நிற்பது அப்போதுதான். அடுத்து ஜைரோவின் 'பூஜ்யம்' எது என்று தெரியணும். காலித் தட்டிலேயே தராசு முள் கொஞ்சம் சாய்ந்திருந்தால், நிறுக்கும் ஒவ்வொன்றும் தப்பாகும் இல்லையா? ஜைரோவின் முள்ளும் வெப்பநிலைக்கேற்ப லேசாக நகரும். ஜைரோ சொல்வது வேகத்தை. திரும்பிய கோணத்தைப் பெற அதைக் கூட்டிக்கொண்டே போகணும். பூஜ்யத்தில் உள்ள சிறு பிழையும் சேர்ந்து வளரும். மூன்றாவதாக, இது கை நடுக்கமா, வேண்டுமென்றே கேமராவைத் திருப்புகிறாரா என்று பிரித்தறியணும். கேமராவைச் சட்டென்று தூக்கி, கல்லை நோக்கி வீசித் திருப்பி, உடனே அழுத்தினால், அந்தப் பெரிய அசைவின் எச்சம் கணக்கிலிருந்து வடிய நேரம் தேவை.

இதெல்லாம் முடிய லென்ஸைப் பொறுத்து அரை நொடி முதல் ஒரு நொடி வரை ஆகும். டாம்ரானின் பயன்பாட்டுக் கையேடே சுமார் ஒரு நொடி என்கிறது. நிகானும் கேனானும் வியூஃபைண்டரில் பிம்பம் நிலைத்த பிறகு முழுதாக அழுத்தச் சொல்கின்றன. அவசரப்பட்டால் என்ன ஆகும்? குழு இன்னும் நடுவுக்கு நகர்ந்துகொண்டிருக்கும்போதே ஷட்டர் திறந்துவிடும். கை ஆடியது போதாது என்று லென்ஸும் சேர்ந்து ஆடும். நிலைப்படுத்தலை அணைத்து எடுத்ததைவிட மோசமாகக்கூட வரலாம். இரண்டாவது படம் தெளிவாக வருவதன் ரகசியமும் இதுதான். அதற்குள் நொடி கடந்திருக்கும், குழு தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

கல்லுக்கு முன்னால்

வேப்பனப்பள்ளி, மார்கண்டேய நதி ஓடும் ஊர். கர்நாடகமும் ஆந்திரமும் கூப்பிடு தூரம். 'பள்ளி'யா 'ஹள்ளி'யா என்று ஊர்ப் பெயரிலேயே இரண்டு மொழி உட்கார்ந்திருக்கிறது. பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர், ஒய்சளர், விஜயநகரத்தார் என்று ஆண்டவர்கள் மாறிக்கொண்டே இருந்த எல்லை நிலம். தொறு மீட்கும் பூசலில் விழுந்தவர்களுக்கு நட்ட கற்கள் இந்த மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. சில கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. சிலவற்றுக்கு ஊரார் பொங்கல் வைக்கிறார்கள். மற்றவை வயல் வரப்பிலும் புதர் நடுவிலும். சாலை அகலமாகும்போதும், நிலம் மனையாகும்போதும், தொழிற்பேட்டை வரும்போதும் முதலில் இடம் பெயர்வது பெயர் தெரியாத இந்த வீரர்கள்தான். அடுத்த தடவை போகும்போது கல் அங்கே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்போது யாரோ எடுத்த ஒரு படம்தான் மிச்ச ஆவணம். அது கலங்கியிருந்தால், அந்த வீரன் இரண்டாவது முறை சாகிறான்.

அதனால் சில நடைமுறைகளைச் சொல்லி வைக்கிறேன். பொத்தானைப் பாதி அழுத்தி, பிம்பம் துள்ளி அடங்கும்வரை மனதுக்குள் 'ஒண்ணு' என்று நிதானமாக எண்ணுங்க, பிறகு அழுத்துங்க. விரலை முழுதாக எடுக்காமல் பாதியிலேயே வைத்து அடுத்தடுத்து மூன்று நான்கு படம் எடுங்க. முக்காலி மேல் வைத்தால் நிலைப்படுத்தலை அணைத்துவிடுங்க. இல்லாத நடுக்கத்தைத் தேடி அது தானே ஆடக்கூடும். ரொம்பக் கிட்டே போய் ஒரே எழுத்தை எடுக்கும்போது கேமரா திரும்புவதோடு பக்கவாட்டிலும் நகர்கிறது. திரும்புதலை மட்டும் அளக்கும் ஜைரோவுக்கு அது தெரியாது. இரண்டையும் சேர்த்துத் திருத்தும் அமைப்பைக் கேனான் 2009-இல் ஒரு மேக்ரோ லென்ஸில் கொண்டுவந்தது. சாதாரணப் பயண ஜூமில் அதை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டடி பின்னால் வந்து ஜூம் செய்வது மேல். லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கல்மேல் ஆடும் வேப்பிலை நிழலை அது நிறுத்தாது. அதற்குக் காற்று அடங்கும்வரை காத்திருக்கணும், அல்லது கூட வந்தவரைக் குடை பிடிக்கச் சொல்லணும்.

டேனியல்கள் ராயக்கோட்டைக்குப் பென்சிலோடு காத்திருந்தார்கள். ட்ரைப் மெழுகுக் காகிதத்தோடு, நிமிடங்களை எண்ணிக்கொண்டு நின்றார். நூற்றைம்பது ஆண்டு உழைப்பில் அந்தக் காத்திருப்பு ஒரு நொடிக்குச் சுருங்கியிருக்கிறது, ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. ஆயிரம் வருஷமாக நின்றுகொண்டிருக்கும் கல்லுக்கு நாம் கொடுக்க வேண்டியது அந்த ஒரு நொடிதான். கொடுத்துவிட்டு அழுத்துங்க.